ஊவா மலைநாடும் கூட்டிசை ஒலிப்பதிவும்

பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதப் பாதை, தெமோதரையில் ஒரு வளையமிட்டுத் தன் அடியிலேயே தான் நுழைந்து வெளிப்பட்டு, ஹாலிஎலவைத் தொட்டுக்கொண்டு இறங்குகின்றது. 1924ஆம் ஆண்டில் பதுளையை எட்டிய அப்பாதையின் இரு மருங்கும் தேயிலைத் தோட்டங்கள். மாசித் திங்களில் வளர்பிறை தோன்றியதும் அத்தோட்டங்களின் லயங்களிலிருந்து தப்பொலி எழும். காமன் கம்பம் நாட்டப்பட்டது என்பதற்கு அஃது அறிகுறி. அன்று தொடங்கி முழுநிலா நாள் வரை இரதியும் மன்மதனும் ஆடுவர். பாடுவோர் பாட, பின்பாட்டுக்காரர் தொடர, தப்புக்காரர் ஐவரோ அறுவரோ அவர்களைச் சூழ்ந்து நின்று அடிப்பர்.

இக்குழுவினரின் இசையை, அவர்கள் ஒருங்கே இசைக்கும் நிலையிலேயே, ஒரு குடும்பத்தவர் தம் வருவாயைக் கொண்டு வாங்கத்தக்க சிறு கருவிகளால் பதிந்து வைத்தல் இயலுமா? வினா எளிதாகத் தோன்றலாம். ஆயினும் ஒலிப்பதிவுக் கலை பிறந்த நாள்தொட்டு அதனை வருத்திய வினா இதுவே. தனியொருவர் குரலைப் பிடித்தல் தொடக்கத்திலேயே கைகூடிற்று. பலர் கூடி எழுப்பும் இசையைப் பிடித்தல்தான் அரிதாயிற்று. கூத்துக் களத்தில் நிற்பவன் தப்பின் முழக்கத்தினூடே இரதியின் ஒப்பாரியைப் பிரித்துக் கேட்கின்றான். அவ்வாறு பிரித்தறிவது அவன் மனம். கருவிக்கு மனம் இல்லை. உரத்த ஒலியை உரத்தும் மெல்லொலியை மெல்லவும் அது பதிந்துகொள்ளும். முடிவில் தப்பு மட்டுமே எஞ்சும்.

தோமஸ் அல்வா எடிசன் 1877ஆம் ஆண்டில் போனோகிராப் கருவியை அமைத்தார். முதலில் ஈயத்தாளும் பின்னர் மெழுகுருளையும் ஒலியை ஏற்றன. ஒரு கூம்பு, அதன் அடியில் ஒரு மெல்லிய தகடு, தகட்டில் ஓர் ஊசி என்பவையே அதன் உறுப்புகள். கூம்புக்குள் பாடினால் தகடு அதிரும். ஊசி மெழுகிற் கீறும். கீறிய தடத்தில் மீண்டும் ஊசியை ஓட்டினால் பாடிய குரல் திரும்பும். ஈண்டு நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. இக்கருவியை வாங்கியவர் பிறர் பாட்டைக் கேட்பதோடு அமையாது, தம் வீட்டிலேயே தாமும் பதியலாம். மெழுகைச் சீவிவிட்டு மீண்டும் பதியலாம். வீட்டு ஒலிப்பதிவு அண்மைக்காலப் புதுமை எனக் கருதுவோர் அதற்கு நூற்றாண்டு கடந்த முன்னோர் உளர் என்பதை மறந்தவராவர்.

ஊவாவுக்கு இக்கருவி வந்த வரலாறு சுவையானது. 1907ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பெண் அறிஞர் செலெங்கா அம்மையார் இலங்கை வேடரின் பாட்டுகளை மெழுகுருளையிற் பதிந்தார். 1907, 1908ஆம் ஆண்டுகளில் ஆங்கில மானிடவியலாளர் செலிக்மனும் அவர் துணைவியாரும் வேடரிடையே ஆராய்ச்சி நிகழ்த்தினர். அவர்கள் தங்கிய இடங்களுள் பிபிலைக்கு அண்மையிலுள்ள ஊவாக் காட்டுப் பகுதிகளும் அடங்கும். அவர்கள் பதிந்த உருளைகளைக் கேம்பிரிட்ஜில் மயர்ஸ் ஆராய்ந்து எழுதிய இயல், 1911இல் வெளிவந்த அவர்களது நூலில் இடம்பெற்றது. இரண்டே சுரங்களில் அடங்கும் பாட்டுகளும் அவற்றுள் இருந்தன. செலெங்கா அம்மையாரின் உருளைகளைக் கேட்டு 1909இல் கட்டுரை வரைந்தவர் மாக்ஸ் வெர்தைமர் என்பவர். உறுப்புகளைக் கூட்டினால் முழுமை வந்துவிடாது, முழுமைக்கெனத் தனி இயல்பு உண்டு என்னும் கோட்பாட்டைப் பின்னாளில் உளவியலில் நிறுவியவர் அவரே. கூட்டிசையைப் பதிய முனைவோர் நினைவிற் கொள்ளத்தக்க பெயர் அது.

அவ்வாண்டுகளில் அவ்வேடர் காடுகளுக்கு மேற்கே, ஊவாவின் மலைச்சரிவுகளில், தமிழ்நாட்டின் திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர் ஆயிரக்கணக்கில் குடியிருந்தனர். அவர்களும் பாடினர், தப்படித்தனர். வைகறையில் அவர்களைப் பெரட்டுக்களத்துக்கு அழைத்ததும் தப்பொலியே. ஆனால் கூம்பு அவர்கள் பக்கம் திரும்பவில்லை. அறிஞர் தேடியது மறைந்துபோகும் தொல்குடியை. தோட்டத் தொழிலாளி அவர்கள் கண்ணுக்குக் கூலிப் பட்டியலில் ஒரு பெயர். அறிவுத் தேட்டத்திலும் பார்வைக் குறுக்கம் உண்டு என்பதற்கு இஃது ஒரு சான்று.

இதற்கிடையில் வாணிக உலகம் உருளையைக் கைவிட்டுத் தட்டை மேற்கொண்டது. கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பெர்க் 1902ஆம் ஆண்டு கல்கத்தாவுக்கு வந்து பதிவு நிகழ்த்தினார். அவ்வாறு பதிந்தவை ஜெர்மனியின் ஹனோவர் நகருக்கு அனுப்பப்பட்டுத் தட்டுகளாகத் திரும்பின. கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் தொழிற்சாலை 1908இல் தோன்றியது. தட்டு மலிவானது, நெடுங்காலம் நிற்பது, ஆயிரக்கணக்கிற் பெருக்கத்தக்கது. ஆயினும் தட்டை வாங்கியவர் கேட்கலாமேயன்றிப் பதிய இயலாது. மெழுகுருளை வீட்டுக்குக் கொடுத்த உரிமையைத் தட்டு பறித்துக்கொண்டது எனலாம். அது வீட்டுக்கு மீள ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்றது.

கூம்பின் முன் ஒரு குழுவை நிறுத்தியபோது எழுந்த இடர்களும், அவற்றை அக்காலத்தார் தீர்த்த வகையும் விரிவாக நோக்கத்தக்கவை. மின்விசையின் துணை இல்லாத அக்காலத்தில் ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ திருகு எதுவும் இல்லை. இருந்த ஒரே வழி, ஆட்களை நகர்த்துவதே. மெல்லிய குரலினர் கூம்பின் வாயருகே நின்றனர். ஊதுகுழற்காரர் பின்னே சென்றனர். வயலினின் ஒலி எட்டாமற் போகவே, அதனோடு ஓர் உலோகக் கூம்பை இணைத்து ஸ்ட்ரோ என்பவர் புதுவகை வயலினையே சமைத்தார். பெரும் பறைகளின் அதிர்ச்சி ஊசியைத் தடத்திலிருந்து எறிந்துவிடும் என அஞ்சினர். 1923ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில், ஜெனெட் கம்பெனியின் பதிவறையில், கிங் ஒலிவரின் கறுப்பினக் கலைஞர் குழு வாசித்தபோது, இளைஞரான லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கொம்பொலி தலைவரின் ஒலியையும் மூழ்கடித்தது. அவரைக் குழுவிலிருந்து விலக்கி அறையின் கோடியில் நிறுத்தினர். தொலைவில் தனித்து நின்ற அவர் முகம் வாடியிருந்ததை, அக்குழுவிற் பியானோ வாசித்த லில் ஹார்டின் பின்னாளில் நினைவுகூர்ந்தார். குழுவின் மத்தளக்காரர் பெரும்பறையை ஒதுக்கிவிட்டு மரக்கட்டையைத் தட்ட வேண்டியதாயிற்று. அப்பதிவறையை ஒட்டியே புகையிரதப் பாதை சென்றது. வண்டி வரும்போதெல்லாம் பதிவை நிறுத்திக் காத்திருந்தனர். ஹாலிஎலவில் பதிவு நிகழ்த்த விழைவோர்க்கும் புகையிரத நேர அட்டவணை ஓர் இன்றியமையாத கருவியே.

1925ஆம் ஆண்டில் ஒலிவாங்கியும் மின்முறைப் பதிவும் வந்தன. கூம்பின் கொடுமை நீங்கிற்று. ஆனால் ஆட்களை நிறுத்தும் கலை நீங்கவில்லை. 1927ஆம் ஆண்டு றால்ப் பீர் என்பவர் அமெரிக்க மலைநாட்டு நகரான பிரிஸ்டலுக்குச் சென்று, ஒரு கட்டிடத்தின் மேல்மாடியில் கருவிகளை இறக்கி, எதிரொலியை அடக்கச் சுவர்களிற் கம்பளிகளைத் தொங்கவிட்டு, உள்ளூர்ப் பாடகரை வரவழைத்துப் பதிந்தார். அப்பத்துப் பன்னிரண்டு நாளில் அமெரிக்க நாட்டுப்புற இசையின் போக்கே மாறியது என்பர் அந்நாட்டு வரலாற்றாசிரியர். கம்பளி தோட்டத் தொழிலாளர்க்குப் புதிய பொருளன்று. மழையிலும் பனியிலும் அவர்கள் போர்த்துச் சென்றது அதுவே.

இலங்கையில் எட்வேட் ஹாப்பரின் முயற்சியால் 1925 டிசெம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று. 1949இல் அது றேடியோ சிலோனாயிற்று. கொழும்புக் கலையகத்துக்குச் செல்ல வல்லவரின் இசை வானேறியது. மாதச் சம்பளத்துக்கு மேல் முற்பணமும் வாங்கி வாழ்ந்த ஊவாத் தப்புக்காரர்க்குக் கொழும்பு எவ்வளவு தொலைவு என்பது சொல்லாமலே விளங்கும்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் காந்த நாடா பரவியது. கருவி மக்களிடம் செல்லத் தொடங்கியது. ஆபிரிக்க நாடுகளெங்கும் அலைந்து இசையைப் பதிந்த ஹியூ ட்றேசியின் முறை குறிப்பிடத்தக்கது. அவர் ஒலிவாங்கியைத் தாங்கியில் நிறுத்தாது கையிலேயே பிடித்து, பாடுவோரிடமும் பறையடிப்போரிடமும் மாறி மாறிக் கொண்டு செல்வார். எவ்விடத்தில் எவருடைய பங்கு முதன்மை பெறுகின்றது என்பதை இசையறிவால் உணர்ந்து கை நகரும். ஒரே ஒலிவாங்கி கொண்டு ஒரு பெருங்குழுவை அவர் பிடித்த திறம் அதுவே. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் சங்கீத ரசிகர் சிலர் சுருள் நாடாக் கருவியைக் கச்சேரி மேடையின் ஓரத்தில் வைத்துப் பதிந்தவற்றால், எத்தனையோ வித்துவான்களின் மேடை வாசிப்பு இன்று நம் காதுக்கு எட்டுகின்றது. 1963இல் பிலிப்ஸ் கம்பெனி சிறு ஒலிப்பேழையை வெளியிட்டது. 1977இன் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்ததும் அது மலைநாட்டு லயங்களுக்கும் வந்து சேர்ந்தது. மெழுகுருளையோடு போன உரிமை அவ்வாறு வீட்டுக்கு மீண்டது.

ஆனால் அது மீண்ட காலம் எத்தகையது? 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமையை இழந்திருந்த மலைநாட்டுத் தமிழருள் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேரை இலங்கை ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர் முடிவு செய்யப்படும் என்றும் 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் உடன்பட்டனர். எழுபதுகளிலும் எண்பதுகளின் முற்பகுதியிலும் குடும்பம் குடும்பமாக மக்கள் புகையிரதமேறித் தலைமன்னார் சென்று, இராமேசுவரத்துக்குக் கப்பலேறினர். அரசியல் நூல்கள் இதனைத் தலைக்கணக்காக எழுதும். இசையை நோக்குவார்க்கு இதில் வேறொரு கணக்குண்டு. தனிப்பாடகன் ஒருவன் எங்குச் சென்றாலும் அவன் பாட்டு அவனோடு செல்லும். கூத்தோ குழுவின் உடைமை. அண்ணனுக்கு முன்னடி தெரியும். மைத்துனனுக்கு அதற்கு விடையாக அடிக்கும் அடி தெரியும். அயல் லயத்துப் பெரியவருக்கே பாட்டின் வரிசை தெரியும். அண்ணன் மண்டபம் முகாமுக்கும் மைத்துனன் ஊவாவிலுமாகப் பிரிந்தபோது, இருவர் கையிலும் எஞ்சியது பாதித் தாளம். பறித்தெடுத்த பாதியை எக்கப்பலும் ஏற்றிச் செல்லவில்லை, எத்தோட்டமும் வைத்துக்கொள்ளவுமில்லை.

1984இல் மறைந்த சி. வி. வேலுப்பிள்ளை, தோட்ட மக்களின் பாடல்களைத் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என நூலாக்கினார். அப்பணி இல்லையேல் சொற்களும் அழிந்திருக்கும். எனினும் அச்செழுத்து சொல்லைக் காக்குமேயன்றி அடியைக் காவாது. பாட்டின் ஈற்றில் தப்பு எவ்விடத்தில் இடைமறித்து விழுகின்றது, பின்பாட்டு எத்துணை தாமதித்து எழுகின்றது என்பன தாளில் அடங்குவனவல்ல.

இதே பதுளை மாவட்டத்தில், கிராந்துருகோட்டையில், 1986ஆம் ஆண்டு மகாவலிச் சமுதாய வானொலி நிலையமொன்று தோன்றியது. கையிற் கொண்டு செல்லும் பதிவுக் கருவியோடு ஊர்களுக்குச் சென்று, சில நாள் குடியேற்றக்காரரோடு தங்கி, அவர்கள் பேச்சையும் பாட்டையும் அவர்கள் வாழுமிடத்திலேயே பதிவது அத்திட்டத்தாரின் வழக்கம். ஊவாவின் ஒரு பகுதியில் எளிய கருவி மக்களைத் தேடிச் சென்றது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. தோட்டங்களுக்கும் பொருந்தும் முறைதான்.

வளர்ந்த நாடுகளில் ஒலிப்பதிவு வேறு திசையிற் சென்றது. கலைஞர் லெஸ் போலுக்கென அம்பெக்ஸ் கம்பெனி 1957இல் எட்டுத் தடக் கருவி ஒன்றை ஆக்கிக் கொடுத்தது. ஒவ்வொருவரையும் தனித்தனியே பதிந்து பின் கலக்கும் முறை அவ்வாறு வேரூன்றியது. 1979இல் டீயாக் கம்பெனியின் நான்கு தட ஒலிப்பேழைக் கருவி அதனை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது. இம்முறையின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. ஒருவர் பிழைத்தால் அவர் பகுதியை மட்டும் மீளப் பதியலாம். எனினும் தப்புக் குழுவுக்கு இது பொருந்தாது. தப்புக்காரர் ஒருவர் கையை ஒருவர் நோக்கி அடிப்பவர். தலைமைக்காரரின் தோளசைவே அடி மாறுதற்குக் குறிப்பு. அவர்களைத் தனித்தனி அறையிலிட்டுக் காதிற் கருவி மாட்டி அடிக்கச் சொல்வது, கோலாட்டத்தை ஒவ்வொருவராக ஆடச் சொல்வதை ஒக்கும்.

பலதடக் கருவிகள் மலிந்த அக்காலத்திலேயே, 1987 நவம்பரில், கனடாவின் ரொறன்ரோ நகரத் தேவாலயம் ஒன்றில் கௌபோய் ஜங்கீஸ் என்னும் குழுவினர் ஒரே ஒலிவாங்கியைச் சூழ அமர்ந்து ஒருநாளில் ஓர் இசைத்தொகுப்பை நேரடியாகப் பதிந்தனர். பாடிய பெண்மணியின் குரல் மெல்லியதாகையால் அதனை ஒலிபெருக்கியினூடே செலுத்தினர். ஏனையோரை முன்னும் பின்னுமாக நகர்த்தி நகர்த்திச் சமநிலை கண்டனர். உலகப் புகழ்பெற்ற அத்தொகுப்பைப் பதிந்தவர்கள் செய்தது, ரிச்மண்ட் பதிவறையில் ஆம்ஸ்ட்ராங்கைப் பின்னே நிறுத்தியவர்கள் செய்ததேயாம்.

இன்று இரு ஒலிவாங்கிகளும், அவற்றைக் கணினியோடு இணைக்கும் ஒரு சிறு பெட்டியும், காதிற் பொருத்தும் கருவியும் இருப்பின் வீட்டுக் கலையகம் அமைந்துவிடும். கைப்பேசி ஒன்றே கொண்டும் தொடங்கலாம். இவற்றைக் கொண்டு ஹாலிஎலத் தோட்டமொன்றின் கூத்துக் குழுவைப் பதிவதெனின், மேற்சொன்ன வரலாறு தரும் வழி தெளிவானது.

முதலாவது இடம். பத்தடிக்குப் பன்னிரண்டடியாகக் கட்டப்பட்ட பழைய லயக் காம்பரா தப்புக்கு ஏற்றதன்று. நெருங்கிய சுவர்களுக்கிடையில் முழக்கம் மோதிக் குழம்பும். தகரக் கூரையில் ஒரு தூறல் விழுந்தாற் போதும், பதிவு கெடும். இஸ்தோப்பு சற்று மேல். பெரட்டுக்களமோ கோயில் முன்றிலோ சாலச் சிறந்தது. 'எல' என்பது சிங்களத்தில் ஓடையைக் குறிக்கும். ஊரின் பெயரிலேயே நீரோசை இருத்தலின், ஓடைக்கு ஒலிவாங்கியின் முதுகைக் காட்டுதல் நன்று. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த மாசி மாதம் வானமும் ஒத்துழைக்கும் காலம்.

அடுத்தது தொலைவு. திறந்த வெளியில் தொலைவு இரட்டித்தால் ஒலியின் அமுக்கம் பாதியாகும். அளவையாற் சொன்னால் 6 டெசிபெல் குறையும். பாடுபவர் ஒலிவாங்கிக்கு இரண்டடியிலும் தப்புக்காரர் பதினாறடியிலும் நிற்பின், இடையில் மூன்று முறை இரட்டிப்பு நிகழ்கின்றது. தப்பின் வலிமை பாடகர் நிற்குமிடத்தில் அடிப்பதை நோக்க எட்டில் ஒரு பங்காகிப் 18 டெசிபெல் தாழும். ஒரு சதமும் செலவின்றி, காலால் நடந்து பெறும் சமநிலை இது. அத்தொலைவால் தப்பொலி பிந்தி வருமே எனின், பிந்துவது செக்கனில் எண்பதில் ஒரு பங்கேயாதலின் காது அதனைப் பொறுத்துக்கொள்ளும். ஒரு பக்கமே கூர்ந்து கேட்கும் வகை ஒலிவாங்கியாயின் பாடகர் முகத்தைத் தப்புக்காரரை நோக்கித் திருப்பி நிறுத்தலாம். அப்போது ஒலிவாங்கியின் முதுகு தப்புக்காரர் பக்கமாகும். பாடகரும் அவர்கள் கையைக் காண்பார். இரண்டாம் ஒலிவாங்கி குழு முழுவதையும் ஏற்கும்படி இருபதடி தள்ளி, ஆளுயரத்துக்கு மேல் நிற்கட்டும்.

தப்பின் தோல் ஈரக்காற்றில் தளரும். நெருப்பிற் காய்ச்சினால் விறைத்துக் குரல் உயரும். மலைப்பனியில் அரை மணிக்குள் அது மீண்டும் தாழத் தொடங்கும். ஆகவே பதிபவர் கருவிகளையெல்லாம் ஆயத்தஞ் செய்து முடித்தபின்னரே தப்பைக் காய்ச்சச் சொல்லவேண்டும். அளவு பார்ப்பதற்குக் குழுவினரை மெல்ல அடிக்கச் சொல்லிப் பயனில்லை. ஆட்டம் உச்சமேறும் பகுதியையே அடிக்கச் சொல்லி, அவ்வுச்சம் எல்லைக்கு 12 டெசிபெல் தாழ நிற்குமாறு திருகை அமைத்தல் வேண்டும். களம் சூடேறியபின் எவரும் ஒத்திகையிற் போல அடிப்பதில்லை. எண்முறைப் பதிவில் எல்லை மீறிய ஒலி சிதைந்தது சிதைந்ததே. மெழுகுருளையாவது சிறிது பொறுக்கும்.

பதிவு முடிந்ததும் ஒரு கடமை எஞ்சும். 1902இல் கல்கத்தாவிற் பாடிய கௌஹர் ஜான் அம்மையார், பாட்டின் ஈற்றில் தம் பெயரை உரக்கச் சொல்லி முடித்தார். ஹனோவரில் தட்டு அச்சிடுவோர் யார் பாட்டு இதுவென அறிதற்பொருட்டு ஏற்பட்ட வழக்கம் அது. தோட்டக் குழுவிலும், தப்பு ஓய்ந்து நெருப்பு தணியுமுன், தலைமைத் தப்புக்காரர் தொடங்கிப் பின்பாட்டுச் சிறுவன் ஈறாக ஒவ்வொருவரும் தம் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், தமக்கு அவ்வடியைக் கற்பித்தவர் பெயரையும் அதே ஒலிவாங்கியிற் சொல்லுதல் வேண்டும். அதன் பின்னரே கருவியை நிறுத்துவது முறை.